பெஞ்சுக்கு அடியில் போன நத்தை

என் மகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த புதிது. மாலையில் கையைப் பிடித்து அழைத்து வரும்போது தினமும் கேட்பேன்.

"இன்னிக்கு ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கல."

"மிஸ் என்ன சொல்லிக்கொடுத்தாங்க?"

"மறந்துபோச்சு."

"யார்கூட விளையாடின?"

"எல்லார்கூடவும்."

மூன்று கேள்வியில் பேச்சு முடிந்துவிடும். மிச்ச வழி முழுக்க மதில்மேல் உட்கார்ந்திருக்கும் பூனையைப் பற்றித்தான். பூனையைப் பற்றிப் பத்து நிமிடம் மூச்சுவிடாமல் பேசுகிற பிள்ளைக்கு, அரைநாளுக்கும் மேலாக இருந்துவிட்டு வந்த இடத்தைப் பற்றிச் சொல்ல ஒரு வாக்கியம் இல்லை.

இதில் எனக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. நானும் ஆசிரியைதான். வேறொரு பள்ளியில் இரண்டாம் வகுப்பு. வகுப்பறையில் ஒன்றும் நடக்காத நாள் என்று ஒன்று கிடையவே கிடையாது. அன்றைக்கு மட்டும் என் வகுப்பில் ஒருத்தனுக்குப் பல் விழுந்தது. இரண்டு பேர் ஒரே அழிரப்பருக்குச் சண்டை போட்டு, சமாதானமாகி, அந்த ரப்பரைப் பாதியாக வெட்டிக்கொண்டார்கள். ஏழையும் எட்டையும் கூட்டுவதற்கு ஒரு பெண் கண்டுபிடித்த வழி எனக்கே தோன்றாதது. இத்தனைக்கும் பிறகு அந்த முப்பது பிள்ளைகளும் கேட்டில் நின்ற முப்பது பெரியவர்களிடம் என்ன சொல்லியிருப்பார்கள்? "ஒண்ணும் நடக்கல." என் மகள் என்னிடம் சொன்னதேதான்.

அதுவரை, வீட்டுக்குத் தகவல் அனுப்புவதில் நான் கெட்டிக்காரி என்ற நினைப்பு எனக்கு இருந்தது. மாதத் தொடக்கத்தில் இரண்டு பக்கச் சுற்றறிக்கை ஒன்று போகும். கணிதத்தில் ஈரிலக்கக் கூட்டல், மொழிப்பாடத்தில் வாக்கியம் அமைத்தல், சூழ்நிலையியலில் நீரின் பயன்கள் என்று எல்லாம் வரிசையாக இருக்கும். பிழை திருத்தி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டுத்தான் அனுப்புவேன். மகள் பள்ளியிலிருந்தும் அதே மாதிரி ஒன்று வந்தது. சமையலறை மேடையில் வைத்தேன். இரண்டு நாள் கழித்து அதன்மேல் ஈரப் பாத்திரம் இருந்தது. ஆசிரியையான நானே படிக்கவில்லை. படித்திருந்தாலும்தான் என்ன செய்திருப்பேன்? "ஈரிலக்கக் கூட்டல் எப்படிப் போகுது கண்ணு?" என்று எந்த வீட்டில் கேட்பார்கள்?

பிள்ளைகள் ஏன் சொல்வதில்லை என்பதைப் பற்றி உளவியலாளர்கள் நிறையவே யோசித்திருக்கிறார்கள். ராபின் ஃபிவுஷ் என்பவர் மழலையர் வகுப்பில் அப்போதுதான் சேர்ந்த பிள்ளைகளிடம் பள்ளி நாளைப் பற்றிப் பேசிப் பார்த்து, 1984இல் ஒரு கட்டுரை எழுதினார். பள்ளி தொடங்கிய இரண்டாவது நாளிலேயே பிள்ளைகள் பள்ளி நாளின் பொதுவான ஒழுங்கைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். முதலில் இது, அடுத்து அது, அப்புறம் வீட்டுக்குப் போவோம் என்கிற மாதிரி. அதாவது, மனத்தில் ஒரு நேர அட்டவணை உருவாகிவிடுகிறது. நாம் "என்ன நடந்துச்சு?" என்று கேட்டால் அந்த அட்டவணைதான் முன்னால் வந்து நிற்கிறது. அதில் சொல்வதற்கு என்ன இருக்கிறது? வழக்கமாக நடப்பதுதானே நடந்தது? பிள்ளை பொய் சொல்லவில்லை. அவள் கணக்கில் ஒன்றும் நடக்கவில்லை.

அதே காலத்தில் ஃபிவுஷும் ஜூடித் ஹட்சனும் கேத்தரின் நெல்சனும் சேர்ந்து செய்த இன்னோர் ஆய்வு எனக்கு அதைவிடப் பிடிக்கும். மழலையர் வகுப்புப் பிள்ளைகளை ஓர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போனார்கள். அங்கே பிள்ளைகள் மணல் தொட்டியில் பழம்பொருட்களைத் தோண்டி எடுத்தார்கள், களிமண்ணில் அவற்றைப் போலவே செய்தும் பார்த்தார்கள். ஓராண்டு கழித்துப் பொதுவாகக் கேட்டபோது பலருக்கு அந்த நாள் நினைவுக்கு வரவில்லை. தொல்லியலைப் பற்றிக் கற்றுக்கொண்டீர்களே என்று குறிப்பாக எடுத்துக்கொடுத்ததும் வந்தது. ஆறாண்டு கழித்து அதே பிள்ளைகளிடம் திரும்பவும் கேட்டார்கள். அப்போதும் படங்களைக் காட்டியதும் நினைவு எழுந்தது. நினைவு அங்கேயேதான் இருந்திருக்கிறது. அதைத் தொட்டு எழுப்ப ஒரு முனை வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

கேட்டில் நிற்கிற அப்பாவிடமோ பாட்டியிடமோ அந்த முனை கிடையாது. அது என்னிடம் இருக்கிறது. நான் அதைக் கொடுக்காமல் ஈரிலக்கக் கூட்டலைக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மழைநாளில் இது மாறியது. கணக்குப் பாடத்தின் நடுவே நத்தை ஒன்று வாசல் வழியாக உள்ளே வந்து, சுவரோரமாக ஊர்ந்து, கடைசி பெஞ்சுக்கு அடியில் போய்விட்டது. பாடம் அவ்வளவுதான். முப்பது பேரும் தரையில் படுத்து அது எந்தப் பக்கமாக வெளியே வரும் என்று பந்தயம் கட்டினார்கள். கால் மணி நேரம் ஆனது. அன்று மாலை மனம் கேட்காமல் எல்லா வீட்டுக்கும் ஒரே ஒரு வரி அனுப்பினேன்: "பெஞ்சுக்கு அடியில் போனது யார் என்று இன்று கேளுங்கள்."

மறுநாள் காலையில் கேட்டில் ஐந்தாறு பேர் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒரு தாத்தா, "நத்தைக்குக் காது உண்டா டீச்சர்? ராத்திரி பூரா அதே கேள்விதான்" என்றார். நான் இரண்டு பக்கம் எழுதிய எந்த மாதத்திலும் யாரும் என்னிடம் எதையும் கேட்டதில்லை. (நத்தைக்குக் காது இல்லை. அடுத்த நாள் அதுவே பாடமாகிவிட்டது.)

அப்புறம் அதுவே பழக்கமானது. தினமும் முடியாது, வாரத்தில் மூன்று நாள். பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போதே மனத்தில் எழுதிவிடுவேன். ஆனால் அந்த வரியை எழுதுவது, நினைத்ததைவிடக் கஷ்டமாகத்தான் இருந்தது. "இன்று அளவைகள் பற்றிக் கற்றோம்" என்று எழுதினால் அது சுற்றறிக்கையின் சின்னத் துண்டு, வேறில்லை. "இன்று பிள்ளைகள் மிகவும் மகிழ்ச்சியாக இருந்தார்கள்" என்பது அதைவிட மோசம். எல்லாப் பிள்ளைக்கும் அது உண்மையாக இருக்கவும் வாய்ப்பில்லை. "கரும்பலகையின் நீளம் எத்தனை சாண்? ஏன் ஒவ்வொருவருக்கும் வேறு விடை வந்தது?" என்பது வேலை செய்தது. வீட்டில் கதவை, கட்டிலை, அப்பாவின் முதுகை எல்லாம் அளந்திருக்கிறார்கள். பாடம் அளவைகள்தான். ஆனால் கையில் பிடித்துக்கொள்ள ஒன்று இருந்தது.

ஒரே ஒரு வரிக்கு இத்தனை பலமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம். மேத்யூ கிராஃப்ட், டாட் ராஜர்ஸ் என்ற இருவர் அமெரிக்காவில், தேர்ச்சி பெறாத பாடத்தைக் கோடை வகுப்பில் மீண்டும் படிக்கும் உயர்நிலைப்பள்ளி மாணவர்களை வைத்து ஒன்றைச் சோதித்தார்கள். ஆசிரியரிடமிருந்து வாரம் ஒரு வாக்கியம் வீட்டுக்குப் போகும். 2015இல் வெளியான முடிவு இது: செய்தி போகாத பக்கம் தேர்ச்சி பெறாதவர்கள் 15.8 சதவீதம், போன பக்கம் 9.3 சதவீதம். "நன்றாகச் செய்கிறான்" என்ற பாராட்டைவிட "இதை இன்னும் சரிசெய்யலாம்" என்ற வரிகள் கூடுதலாகப் பலன் கொடுத்தன. அவர்கள் பெரிய பிள்ளைகள், அதை அப்படியே ஏழு வயதுக்குப் பொருத்த மாட்டேன். ஆனாலும் ஒரு வாக்கியத்தை எழுத யோசிக்கிற நேரம் வீண் இல்லை என்ற தைரியத்தை அது எனக்குக் கொடுத்தது.

நத்தை ஒரு பக்கம் இருக்கட்டும். சலிப்பான தகவலும் போயே ஆக வேண்டும். நாளை அரைநாள், வியாழக்கிழமை அட்டைப்பெட்டி கொண்டுவர வேண்டும், வரும் வாரம் பெற்றோர் கூட்டம். இதில் எனக்கு ஒரே ஒரு கொள்கைதான், அதைக் கற்றதும் தாயாகத்தான். ஒருமுறை இரவு ஒன்பது மணிக்கு மகள் பள்ளியிலிருந்து செய்தி வந்தது: நாளைக்குப் பச்சை நிறச் சட்டை. அவளிடம் பச்சையே கிடையாது. கடைகள் மூடியாகிவிட்டது. காலையில் நீலச் சட்டையில் பச்சைக் காகிதத்தை ஊசி குத்தி அனுப்பினேன். முப்பது பச்சைக்கு நடுவில் ஒரு நீலமாக அவள் நின்றாள். அந்தப் படமும் வந்தது, அதிலும் நன்றாகவே தெரிந்தது. வேலைக்குப் போகிறவர்கள், இரண்டு மூன்று பிள்ளைகளை வைத்திருப்பவர்கள், கையில் பணம் தட்டுப்பாடாக இருப்பவர்கள் இவர்களுக்கெல்லாம் ஒரு வாரம் முன்னால் சொல்லாத தகவல் தகவலே இல்லை. அது ஒரு பரீட்சை. அதில் தோற்பது பெற்றோர், அவமானப்படுவது பிள்ளை.

அதனால் கொண்டுவர வேண்டியதெல்லாம் எங்கள் வகுப்பில் வெள்ளிக்கிழமை ஒரே இடத்தில் வரும், அடுத்த வாரம் முழுவதற்குமாக. தேதி, கிழமை, என்ன, இல்லையென்றால் என்ன செய்யலாம், அவ்வளவுதான். அந்தக் கடைசிப் பகுதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். "அட்டைப்பெட்டி இல்லாவிட்டால் பரவாயில்லை, வகுப்பில் நான்கு இருக்கிறது" என்ற வரி எத்தனை வீடுகளின் காலைநேரச் சத்தத்தைக் குறைத்திருக்கும் என்று எனக்குத் தெரியும். நானும் அந்தச் சத்தத்தைப் போட்டவள்தானே.

வாட்ஸ்அப் குழுவைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. சுருக்கமாகவே சொல்கிறேன், நினைத்தாலே தலைவலி வருகிறது. காலை வணக்கப் பூக்களுக்கும் "நன்றி டீச்சர்" என்ற இருபத்தேழு பதில்களுக்கும் நடுவில் நாளைய அரைநாள் அறிவிப்பு மூழ்கிப்போகும். யாரோ ஒருவர் இன்னொரு பிள்ளையின் பெயரைச் சொல்லி, என் மகனை அடித்தது அவன்தான் என்று எழுதிவிடுவார். அதற்கப்புறம் அந்த இரண்டு குடும்பமும் கேட்டில் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கும். பிள்ளைகள் இரண்டும் மறுநாளே ஒன்றாக விளையாடிக்கொண்டிருக்கும். நிர்வாகி மட்டுமே எழுதும்படி குழுவை மாற்றியதும் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மீதிப் பாதி, அடி, காயம், அழுகை, காணாமல் போன பொருள் போன்றவை. அவற்றை எழுத்தில் சொல்வதை நான் நிறுத்திவிட்டேன். பிள்ளை வீடு போய்ச் சேர்வதற்குள் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்லிவிடுவேன். முழங்கால் கட்டைப் பார்த்த பிறகு கேட்கிற கேள்விக்கும் அதற்கு முன்னால் கேட்கிற கேள்விக்கும் உள்ள தூரம் பெரியது.

யாருக்குச் சொல்கிறோம் என்பதும் நான் தாமதமாகக் கற்ற விஷயம். "அன்புள்ள பெற்றோரே" என்று ஆரம்பிப்பேன். ஒரு பிள்ளையைக் கூட்டிவருவது எப்போதும் பாட்டிதான், அவருக்குப் படிக்கத் தெரியாது. ஒரு பையனுக்கு இரண்டு வீடு. வாரத்தில் பாதி அம்மாவிடம், பாதி அப்பாவிடம், டைரி எப்போதும் மற்ற வீட்டில்தான் இருக்கும். அவன் அப்பா ஒருநாள் தயங்கித் தயங்கி, "எனக்கு வரவேண்டிய செய்தியெல்லாம் அவங்க சொன்னாத்தான் எனக்குத் தெரியும் மேடம். அவங்க சொல்ல மாட்டாங்க" என்றார். ஒரு எண்ணைக் கூடுதலாகச் சேர்க்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அவர் கேட்பதற்கு ஒன்றரை ஆண்டு ஆகியிருக்கிறது. பாட்டிக்குக் குரல்பதிவு. அதே ஒரு வரியை வாயால் சொல்லி அனுப்பினேன். அப்புறம் பார்த்தால், படிக்கத் தெரிந்த பலரும் அதைத்தான் கேட்டார்கள். பேருந்தில் நின்றுகொண்டே கேட்கலாம் அல்லவா?

வராத நாட்களைப் பற்றி ஒரு சின்ன விஷயம். தங்கள் பிள்ளை எத்தனை நாள் வரவில்லை என்பதைப் பெற்றோர் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். சோம்பல் காரணமில்லை, யாரும் எண்ணி வைப்பதில்லை. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 28,080 குடும்பங்களை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2018இல் வெளியானது. வராத நாட்களின் மொத்த எண்ணிக்கையைத் தபாலில் தெரியப்படுத்தியதுமே, அளவுக்கு மீறி விடுப்பெடுக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை பத்து சதவீதமோ அதற்கு மேலோ குறைந்தது. மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட்டுக் காட்டியதால் கூடுதல் பலன் எதுவும் வரவில்லை. திட்டவும் வேண்டாம், ஒப்பிடவும் வேண்டாம், எண்ணைச் சொன்னால் போதும். இப்போது அறிக்கை அட்டை தருவதற்காகக் காத்திருப்பதில்லை, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அந்த எண்ணை எழுதி அனுப்பிவிடுகிறேன்.

இவ்வளவு சொன்ன பிறகு, இதற்கு நேர் எதிரான ஒன்றையும் சொல்ல வேண்டும். இந்தப் பழக்கம் ஓரளவு பிடிபட்ட காலத்தில் நான் அளவு மீறிப் போனேன். ஒரு செயலி வந்தது. பிள்ளை கை தூக்கினால் ஒரு புள்ளி, பேசினால் ஒரு புள்ளி குறைவு. எல்லாம் அந்த நொடியே பெற்றோரின் கைப்பேசியில் மணியடிக்கும். படங்களும் போகும், நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு. பெற்றோருக்கு ஒரே சந்தோஷம். எனக்கும்தான்.

ஒரு பெண் இருந்தாள். அதிகம் பேசமாட்டாள். ஒருநாள் முதல்முறையாக வகுப்பின் முன்னால் நின்று ஒரு முழுக் கதை சொன்னாள். நான் உடனே படம் எடுத்து அனுப்பினேன். மறுநாள் அவள் முகம் வாடிக் கிடந்தது. என்ன என்று பலமுறை கேட்ட பிறகு சொன்னாள். "நான் சொல்லலாம்னு ஓடினேன் மிஸ். அப்பா, 'தெரியும், பார்த்தேன்'னு சொல்லிட்டாரு."

அவர் மேல் தப்பு இல்லை. அலுவலகத்தில் உட்கார்ந்து மகள் படத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருப்பார். அந்தச் செய்தியை அவளிடமிருந்து பறித்தது நான். ஏழு வயதுப் பிள்ளைக்கு வீட்டில் சொல்வதற்கென்று சொந்தமாக இருக்கிற விஷயங்கள் எத்தனை? வீட்டில் நடப்பதெல்லாம் பெரியவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். பள்ளி ஒன்றுதான் அவள் போய்வந்து சொல்லக்கூடிய ஊர். அந்த ஊர்ச் செய்தியை அவளுக்கு முன்னால் நான் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டேன்.

அதற்கப்புறம் படங்களையும் வேறு கண்ணோடு பார்க்க ஆரம்பித்தேன். சிலர் எல்லாப் படத்திலும் இருந்தார்கள். ஒரு பையன் மூன்று வாரமாக ஒன்றிலும் இல்லை, இருந்த ஒன்றிலும் முழங்கை மட்டும்தான். அவன் வீட்டில் தினமும் அந்தப் படங்களில் யாரைத் தேடியிருப்பார்கள் என்று யோசித்தேன். அழுகிற பிள்ளை பின்னணியில் இருக்கும் படம் ஒன்று முப்பது வீட்டுக்குப் போயிருந்தது. குழந்தைகள் உரிமை பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை, 1989இல் ஏற்கப்பட்டது, அதன் 16ஆவது பிரிவு குழந்தைக்கும் அந்தரங்கம் உண்டு என்கிறது. பயிற்சி வகுப்பில் எப்போதோ அதைக் குறித்து வைத்திருந்தேன். என் கைப்பேசிக்கும் அது பொருந்தும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. பெற்றோரிடம் கையெழுத்து வாங்கியிருந்தோம், சரி. பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டோமா?

புள்ளி போடும் செயலியை நிறுத்திவிட்டேன். இரண்டு பெற்றோர் கோபப்பட்டார்கள். ஒருவர், "அவன் என்ன பண்றான்னு இப்ப எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். அவனிடம் கேளுங்கள் என்று சொல்வது திமிராகப் பட்டிருக்கும். அதனால் வாராவாரம் அவருக்குத் தனியாக இரண்டு வரி எழுதினேன். அதனால் எனக்கு வேலை அதிகமானது, இல்லை என்று சொல்ல மாட்டேன். முப்பது பேருக்கும் அப்படி எழுத முடியாது என்பதும் உண்மை. நாற்பது, ஐம்பது பேர் உள்ள வகுப்பை ஒருவரே பார்த்துக்கொள்ளும் ஆசிரியரிடம் போய் இதையெல்லாம் செய் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஒரு வரி முடியும். அதையும் பிள்ளைகளே எழுதினால் இன்னும் சுலபம்.

இப்போது வெள்ளிக்கிழமை வரியைப் பிள்ளைகள்தான் முடிவுசெய்கிறார்கள். இந்த வாரம் வீட்டில் எதைக் கேட்கச் சொல்லலாம் என்று கேட்பேன். கைகள் எழும். நான் முக்கியம் என்று நினைத்த பாடம் ஒருமுறைகூட வந்ததில்லை. குழாயடியில் கண்டெடுத்த சாவி, மின்விசிறி நின்றுபோன அரைமணி நேரம், என் மூக்குக்கண்ணாடி உடைந்தது, இப்படித்தான். மூக்குக்கண்ணாடி விஷயத்தை வேண்டாம் என்றேன். வாக்கெடுப்பில் தோற்றேன். திங்கட்கிழமை கேட்டில் எல்லோரும் என் புதுக் கண்ணாடியைத்தான் பார்த்தார்கள்.

சென்ற மாதம் ஒரு பையன், எழுத்துக்கூட்டி மட்டுமே படித்துக்கொண்டிருந்தவன், ஒரு பக்கத்தை நிறுத்தாமல் படித்து முடித்தான். வகுப்பே கைதட்டியது. நான் கைப்பேசியை எடுப்பதைப் பார்த்துவிட்டு மேசைக்கு ஓடிவந்தான்.

"மிஸ், வீட்டுக்குச் சொல்லாதீங்க. நானே சொல்றேன்."

சரி என்றேன். அவன் அம்மாவுக்கு மட்டும் அன்றைக்கு இப்படி அனுப்பினேன்: "இன்று உங்கள் மகனிடம் ஒரு செய்தி இருக்கிறது. நீங்களாகக் கேட்க வேண்டாம்."

மறுநாள் காலையில் அவர் தூக்கம் போதாத கண்ணோடு கேட்டில் நின்றார். வந்ததும் விளையாடப் போய்விட்டானாம். குளித்தானாம், சாப்பிட்டானாம், தம்பியோடு சண்டை போட்டானாம். பத்துத் தடவையாவது கேட்க வாயெடுத்து அடக்கிக்கொண்டாராம்.

"விளக்கை அணைச்சப்புறம்தான் மிஸ் சொன்னான்" என்றார். "அப்புறம் எழுந்து விளக்கைப் போட்டு, அந்தப் பக்கத்தை எனக்கு மூணு தடவை படிச்சுக் காட்டினான்."